குடிகாட்டில் வந்த வாடை

அன்று ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாட்டைத் தாண்டும்போது காருக்குள் வந்த வாடை வெளியிலிருந்து வந்ததா, எங்கள் என்ஜினிலிருந்து வந்ததா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

முந்தின நாள்தான் கடலூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே கணவர் வீடியோ பார்த்து காரின் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார். என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம் அது. அதன் மூடியில் ஒரு போல்ட்டை முடுக்கியது நான். இன்னும் கொஞ்சம் முடுக்கட்டுமா என்று கேட்டேன். "போதும் விடு, ஜாஸ்தி முடுக்கினா ஒடஞ்சிரும்" என்றார்.

மறுநாள் குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு நானே ஓட்டிப் போனேன். குடிகாட்டில் குப்பென்று வாடை அடித்தது. என் போல்ட்தான் கழன்று, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கொதிக்கக் கொதிக்கக் கசிகிறது என்று நினைத்தேன். காரை ஓரங்கட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, ஒரே வாடையா வருது."

"குடிகாட்டுல நின்னுகிட்டு மல்லிப்பூ வாசனையா வரும்? டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?"

"நடுவுல."

"அப்ப ஒண்ணுமில்ல. பேசாம ஓட்டு."

சாலையைவிட அந்த முள்ளையே அதிகம் பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். காருக்கு அடியில் ஈரம் இல்லை. ஆனாலும் அதன்பிறகு குழந்தையோடு பஸ்ஸில்தான் போகிறேன். அம்மா வீடு இருக்கும் கோயில் பக்கம் காரை நிறுத்த இடமில்லை என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முள் நடுவில் நின்றாலும் கூலன்ட் கசியுமா? அவர் மனம் கோணாமல், மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டலாம் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.