இரண்டாவது சாவி

எங்கள் காருக்கு இரண்டு சாவிகள். ஒன்று என் கைப்பையில் இருக்கும், இன்னொன்று என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில். சட்டை மாற்றும்போது முதலில் சாவிதான் இடம் மாறும், அப்புறம்தான் கண்ணாடியும் பேனாவும். தாலியை நான்கூட இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை என்று கிண்டல் செய்திருக்கிறேன். அவர் சிரிக்க மாட்டார்.

அந்தக் காரை அவர் கல்பாக்கத்தில் வேலையில் இருந்தபோது வாங்கினார். அவருடைய அப்பா திருப்போரூர் பக்கம் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஊருக்குள் ஒரு தெருவில் அந்த மனிதர் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கார் வந்த அன்று இவர் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. நேராக அந்தத் தெருவுக்குப் போய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஹாரன் அடிக்காமல், இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது. இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் தெரிகிறது என்றார், அதையும் டாக்டரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த மாதமே புதுப்பட்டினம் கடைத்தெருவில் அது நடந்தது. மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவரின் மொபெட்டை எங்கள் கார் உரசியது. அவர் வண்டியோடு மணலில் சாய்ந்தார். இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே, "இன்னா சத்தம் அது?" என்று என்னைக் கேட்டார். இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கத்தி நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடினேன். நல்ல வேளை, முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அந்த ஆள் எங்களைத் திட்டத் திட்ட, நான் அவருடைய மொபெட்டைத் தூக்கி நிறுத்தினேன். விழுந்தது மணல் பக்கம் இல்லாமல் ரோட்டுப் பக்கமாக இருந்திருந்தால் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலையில் இவர் பேப்பர் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஸ்டியரிங் என் கைக்கு வந்தால் இவர் தானாக விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். "நல்லா கத்துக்கோ, மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்றார் மகாராஜா.

அதற்குள் கார் படுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் என்ஜின் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் எடுக்கும். பேட்டரி மாற்றினோம், பிளக் மாற்றினோம், பெட்ரோல் பம்ப்கூட மாற்றினோம், சரியாகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. செத்துத் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் கண்ணில் ஊசி போட அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே. ஒரு தடவை பஸ்ஸில் போய்வந்தோம். திரும்பும்போது கண்ணில் கட்டோடு, பிடிக்கக் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் காற்றில் கையைத் துழாவினார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு பஸ் பேச்சையே நான் எடுக்கவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். அவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு ஈசிஎம் போய்விட்டது என்றார். என்ஜினுக்கு எப்போது பெட்ரோல் விட வேண்டும், எப்போது நெருப்புப் பொறி தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் அதுதானாம். கழற்றிக் காட்டினார், உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டி. கடற்காற்றுக்கு அதில் ஒயர் மாட்டும் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. இந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லை, உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும் என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சில நாள் கழித்துப் பெட்டி கிடைத்ததாகக் கூப்பிட்டார்.

ஆட்டோ பிடித்து நாங்கள் போனபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. இவர் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்போதுதான் அந்த எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"எத்தினி சாவி கீதுக்கா? எல்லாத்தியும் இப்பவே குடுத்துடுங்க. இந்தப் பெட்டிக்கு எந்தச் சாவிய காட்டுறனோ அதுக்குத்தான் வண்டி எடுக்கும். மத்தது கதவத் தொறக்கும், செல்ஃப் அடிக்கும், அவ்ளோதான்."

"ஒண்ணுதாம்பா. இன்னொண்ணு தொலைஞ்சிபோச்சி."

கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த மொபெட்காரருக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது, திரும்பும்போது நான் ஓட்டினேன். மறுநாள் காலை சமையலறையில் இருந்தபோது வெளியே கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் செல்ஃப். கர்ர் கர்ர் என்று இழுத்தது, என்ஜின் எடுக்கவில்லை. இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. சட்டினி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றேன். பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். ஒன்றுமே கேட்கவில்லை.

தினமும் இதே கதை. காரைத் துடைப்பார், உட்காருவார், சாவியைத் திருப்புவார், கர்ர் கர்ர். பேட்டரி இறங்கிவிடும் என்று நான் எரிந்து விழுந்தேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்ப்பார். தெரியாமல்தான் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போது ஒரு பக்கம் கோபமும் ஒரு பக்கம் அழுகையும் வரும். எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்துவிடுவாரோ என்கிற பயம் வேறு.

அதற்கடுத்த ஊசி போட்ட அன்று, வலது கண்ணுக்கும் இனி பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊரைத் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"அவன் எத்தினி சாவின்னு கேட்டப்ப நா டீ குடிக்கப் போவல. வண்டிக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். அவங்கிட்ட குடுக்கலாம்னு சாவிய கைல எடுத்துட்டேன். நீ ஒண்ணுதான்னு சொன்ன. திருப்பிப் பையில போட்டுக்கினேன்."

காரை ஓரம் கட்டினேன். அப்படியென்றால் தினமும் காலையில் எதற்கு அந்தக் கூத்து என்று கேட்டேன்.

"எதிர் வூட்டுக்காரரு பாக்குறாரு, தெருவே பாக்குது. வண்டி எடுக்கலன்னு நெனைச்சுக்கட்டும். அப்புறமா நீ வந்து எடுத்தா, இப்பத்தான் புடிச்சிச்சின்னு நெனைப்பாங்க. கண்ணு போச்சின்றதுக்கு பதிலா வண்டி போச்சின்னு இருக்கட்டுமே." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னார், பிள்ளை போனில் சொன்னான், சொந்தக்காரர்கள் ஜாடையாகச் சொன்னார்கள். நான் கேட்டதே இல்லை. திட்டியிருக்கிறேன், கிண்டல் செய்திருக்கிறேன், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன், பொய் சொன்னேன். கேட்க மட்டும் இல்லை. எனக்கு அவ்வளவு பயம்.

"குடுங்க" என்றேன்.

எடுத்துக் கொடுத்துவிட்டார். உடம்புச் சூடு அதில் இருந்தது.

மறுநாள் காலை செல்ஃப் சத்தம் இல்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுக்காரர் அங்கிருந்தே, "இன்னா அண்ணாத்த, இன்னிக்கி வண்டி எடுக்கலியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் என்ன சொல்லிச் சமாளிக்கப்போகிறாரோ என்று கரண்டியும் கையுமாக நின்றேன்.

"வண்டி நல்லாத்தான் கீதுபா" என்றார். "எனக்குத்தான் கண்ணு தெரியல."