முதல் பெஞ்சில் நாலு விரல்கடை

நான்கு குதிரை பூட்டிய ஏருக்குப் பின்னால் நடந்துகொண்டு, "நட தாயி, நட என் ராசாத்தி" என்று பசுவை ஓட்டுவதுபோலவே ஓட்டுகிறார் டீர்க் ஹெம்கே. குதிரைகள் திரும்பிப் பார்க்கின்றன. பாவம், அவையும்தான் என்ன செய்யும்?

பத்து நாள் முன்புவரை அவருக்கு ஒரு குடிசை, மூன்று கீற்று நிலம், ஒரு பசு. பால் கொடுப்பதும் அதுதான், ஏர் இழுப்பதும் அதுதான். ஊரில் நான்கு குதிரை கட்டி உழுதால் முழுப்பண்ணைக்காரர். இரண்டு என்றால் அரைப்பண்ணை. பசு கட்டினால் குடிசைக்காரர். அந்தக் குடிசைக்காரர், முழுப்பண்ணை விதவை கேஸ்கேயைக் கட்டிக்கொண்டார். அடித்தது யோகம்!

பண்ணைக்கு வாழ வருகிறவன் பண்ணையின் பெயரைத்தான் சூடவேண்டும். ஹெம்கே போய் வோல்கர்ஸ் ஆனார். தெருவில் யாராவது "வோல்கர்ஸ்!" என்றால், பெரிய மனிதர் யாரோ வருகிறார் என்று அவரே சேற்றில் இறங்கி வழிவிடுகிறார்.

"யோவ், உன்னைத்தான்யா!" என்று கேஸ்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"நான் என்ன பண்ணட்டும்? காலு தானா ஒதுங்குது."

ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. தேவாலயத்தில் முதல் பெஞ்சு முழுப்பண்ணைக்காரர்களுடையது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் சாகும்வரை அவர் கேஸ்கே வீட்டு வேலையாள்தான். ஊர் அப்படித்தான் பேசும். வாரம் முழுக்க அடுப்பங்கரையில் ஒத்திகை நடந்தது. "காலை அகட்டி உக்காருய்யா! அடைகாக்குற கோழியாட்டம் என்ன ஒடுக்கம்?"

போனார். பெஞ்சின் ஓரத்தில் ஹார்ம், நான்கு குதிரைக்காரர், தன் பக்கத்தில் தொப்பியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"இடமில்லப்பா. பின்னால போ."

டீர்க்கின் கால்கள் பழக்கதோஷத்தில் திரும்பியேவிட்டன. அப்போது பெண்கள் பக்கத்தில் கேஸ்கே எழுந்து நின்றாள். "அவர் உக்காரட்டும், அப்புறம் நானும் உக்கார்றேன்." பாதிரியார் திறந்த புத்தகத்தை மூடினார். டீர்க்குக்கு எங்கிருந்துதான் அந்தச் சந்தோஷம் வந்ததோ, சிரிப்பு பீறிட்டது.

"அண்ணே, நாலு விரக்கட போதும்ண்ணே. மீதியை நான் மூச்சடக்கிச் சமாளிச்சுக்கறேன்!"

கடைசி வரிசைக் குடிசைக்காரர்கள் குலுங்கினார்கள். சிரிப்பை அடக்கப் பார்த்து அரைப்பண்ணை வரிசையும் தோற்றது. பாதிரியாரே இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

காதுமடல் சிவக்க நேரே பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஹார்ம், தொப்பியை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.