மூன்றாம் மாடிக்காரர் சொன்ன பதினோரு சாக்கு

மூன்றாம் மாடி லிப்ட்காரரைப் பற்றி எழுதுவதென்றால், அவர் மேல் எனக்கு வந்த கோபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தை விற்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தார். குடியிருப்பவர்களே அவரவர் வீட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வங்கி கடன் தருகிறது என்ற கடிதம் மாதக் கடைசிக்குள் வர வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர், பட்டியல் என் கையில். பதினாறு வீட்டில் பதினைந்து கடிதம் வந்துவிட்டது. அவருடையது மட்டும் வரவில்லை. கேட்டால், "பாத்துட்டிருக்கேம்மா" என்பார். முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு கட்டியவள் நான். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிருந்தது.

அவருக்கு வேலை லிப்ட் பழுது பார்ப்பது. நாள் முழுக்க ஊரார் லிப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் லிப்டே இல்லாத எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி படியேறுவார். அவர் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. லிப்ட் குழிக்குள் இறங்குமுன் வாசலில் 'ஆள் உள்ளே இருக்கிறார்' என்று ஒரு போர்டு மாட்டுவார். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். மேலாளரே வந்து நின்றாலும் தொடக்கூடாது. பழுதுப் புத்தகத்திலும் நடந்ததை நடந்தபடி எழுதுவார், ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் பேச்சில் கஞ்சன். எங்களிடம் அவருக்கும் சேர்த்துப் பேசியது அவர் மனைவிதான். அந்தம்மா இறந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது.

மாதம் முடிய பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பொறுக்க முடியாமல் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். இரண்டே அறை. அடுப்பு மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். குளியலறை வாசலில் புத்தம்புதிய வாஷிங் மெஷின், அதன் மேல் வாளி. வாளியில் இரண்டு சட்டை ஊறிக்கொண்டிருந்தது. மெஷினை வைத்துக்கொண்டு எதற்குக் கையால் துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு சட்டைக்காக அதை ஓட்டுவது தண்டம் என்றார்.

விசாரித்ததில், வங்கி ஏற்கெனவே கைவிரித்திருந்தது, அதற்குக் காரணமே அந்த மெஷின்தான். மனைவி பெயரில் தவணைக்கு எடுத்தது, இவர் ஜாமீன் கையெழுத்து. அந்தம்மா போனபின் ஒரு தவணையும் கட்டவில்லை. கடன் கொடுத்த கம்பெனி இவருடைய கடன் அறிக்கையில் 'கட்டவில்லை, வேண்டுமென்றே தவிர்க்கிறார்' என்று பதிவு செய்துவிட்டது. ஒப்பந்தத்தை வாங்கிப் பொடி எழுத்துவரை படித்தேன். கடன் வாங்கியவர் இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மீதிக் கடன் தள்ளுபடி என்று அதிலேயே இருந்தது. ஒரு போன் பண்ணிச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நன்றாகவே ஏசினேன்.

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இறந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வசூல்காரர் கூப்பிட்டு, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாராம். "குளிக்கிறாங்க" என்று இவர் வாயிலிருந்து வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கொரு சனிக்கிழமை அதே கேள்வி. இவரும் ஒவ்வொன்றாக இதுவரை பதினோரு சாக்குச் சொல்லியிருக்கிறார்.

"சரி, தவணையையாவது கட்டித் தொலைச்சிருக்கலாமே? கையில பணம் இல்லையா?"

"இருந்துச்சும்மா. கட்டிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாங்களே."

துக்கம் விசாரித்து நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அந்தம்மாவை இன்னும் உயிரோடு இருப்பவளாக நினைத்துத் தேடிய ஒரே ஆள் அந்த வசூல்காரர்தான். அதற்காக வீட்டையே இழக்கத் துணிந்திருக்கிறார் மனுஷன்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு நானும் போய் உட்கார்ந்தேன். போன் வந்ததும், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். முழுப் பணத்தையும் இன்றே கட்டுகிறேன், பதிவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார் லிப்ட்காரர். வசூல்காரர் நயமாகத்தான் பேசினார். பணம் கட்டினாலும் பதிவு பல வருஷம் நிற்கும், பாதித் தொகை வேண்டுமானால் குறைக்கலாம், பதிவை எடுப்பது கம்பெனி பக்கம் தவறு இருந்தால் மட்டுமே நடக்கும் என்றார். நான் ஒரு துண்டுத்தாளில், 'ஒவ்வொரு அழைப்புக்கும் குறிப்பு எழுதியிருப்பார்கள், படிக்கச் சொல்லுங்கள்' என்று எழுதி நீட்டினேன். எந்த அலுவலகமும் எழுதாமல் இருக்காது.

வசூல்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தார். முதல் அழைப்பு, குளிக்கிறார். இரண்டாவது, கடைக்குப் போயிருக்கிறார். மூன்றாவது, இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்ப வேண்டாம். நான்காவதுக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாடிக்கையாளர் உயிருடன் இல்லை என்று தோன்றுகிறது. விசாரிக்கவும்" என்று படித்தார்.

"இது நான் எழுதினதுதான் சார். மேல அனுப்பினேன். திரும்பக் கூப்பிட்டுப் பாருன்னு சொல்லிட்டாங்க."

எப்படித் தெரிந்தது என்று கேட்டார் லிப்ட்காரர்.

"மழை கொட்டுது, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்காங்கன்னு சொன்னீங்க. நான் காத்திருக்கேன்னேன். இருபது நிமிஷம் ஆச்சு சார். நீங்களும் போனை வைக்கல, நானும் வைக்கல."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்காவது அழைப்பு, இறந்த ஒன்பதாவது வாரம். தொண்ணூறு நாளுக்குள்தான் வருகிறது. அப்படியானால் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, விசாரிக்காமல் விட்டது அவர்கள் தவறு. வசூல்காரரும் அதே கணக்கைப் போட்டிருப்பார் போல. அந்தக் குறிப்பை வைத்துப் பதிவை எடுக்கத் தானே எழுதுவதாகச் சொன்னார். இது அவர் சம்பளத்துக்கு நல்லதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை. இந்த அழைப்பு பதிவாகிறது, இறந்த விவரத்தைக் குடும்பத்தார் வாயால் தேதியோடு சொல்ல வேண்டும் என்றார்.

லிப்ட்காரர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சுவர் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் போனது. பார்க்கச் சகிக்காமல், நானே சொல்லிவிடுகிறேன் என்று போன் பக்கம் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"வேண்டாம்மா. நான் மாட்டின போர்டு."

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார். தேதி, கிழமை, ஆஸ்பத்திரியில் காலை ஆறே கால் மணி, காய்ச்சலென்று போனவள் திரும்பி வரவில்லை என்பது. பழுதுப் புத்தகத்தில் எழுதுவது போலவே வரிசையாகச் சொன்னார். பக்கத்தில் நான் இருந்தும் அந்த அறையில் அவர் தனியாகத்தான் நின்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

எட்டாம் நாள் பதிவு நீங்கியது, மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது வங்கிக் கடிதம் வந்தது, வீடு அவருடையதானது. என் பட்டியலில் பதினாறாவது வரியையும் டிக் அடித்தேன். ஆனால் எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அந்த அழைப்பின் கடைசிக் கேள்விதான்.

எல்லாம் எழுதிக்கொண்டபின் வசூல்காரர், விதிப்படி இதையும் கேட்டாக வேண்டும் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்டார்.

"இனிமே அம்மாவைக் கேட்டு இந்த நம்பருக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. சம்மதம்தானே சார்?"

லைன் இருக்கிறதா என்று வசூல்காரர் கேட்கவில்லை, காத்திருந்தார்.

"சரி" என்றார் லிப்ட்காரர்.

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. நான்தான் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கீழே இறங்கி வந்தேன்.