செனட்டரைப் பற்றிய கடைசிப் பந்தி

2008ஆம் ஆண்டு யூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் எண்ணூறு சொற்கள் கேட்டார். மொன்றியலில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த இலவசத் தமிழ் வாரப் பத்திரிகை அது. பலசரக்குக் கடை வாசலில் அடுக்கியிருக்கும். சனங்கள் கறிவேப்பிலைக் கட்டோடு சேர்த்து எடுத்துப் போவார்கள்.

“அண்ணை, அமெரிக்கத் தேர்தலைப் பற்றி ஒண்டு வேணும். உப ஜனாதிபதிக்கு அந்தச் செனட்டரைப் போடலாம் எண்டு கதைக்கினம். ஆள் பொருத்தமோ இல்லையோ எண்டு எழுதித் தாங்கோ. வியாழன் காலமை கிடைச்சால் போதும்.”

“வாசிக்கிற ஒருத்தருக்கும் அங்கை வாக்கு இல்லையே.”

“அதாலதான் அண்ணை எல்லாரும் வாசிப்பினம்.”

அவர் சொன்னது சரி. அந்தக் கோடையில் மொன்றியல் தமிழர் அமெரிக்கத் தேர்தலைக் கவனித்த அளவுக்குத் தங்கள் நகரசபையைக் கவனித்ததில்லை. வன்னியில் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்த எவருடைய விரலும் கடைசியில் வாஷிங்டனில்தான் போய் நின்றது.

நான் கொழும்பில் ஒரு தினசரியின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் இருந்தவன். தந்தியில் வரும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, நீளத்தைக் குறைத்து, தலைப்புப் போட்டுக் கொடுப்பது வேலை. மொன்றியலில் என் வேலை கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, தட்டுகளில் அடுக்கி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். பத்திரிகைக்கு எழுதுவது வேலை முடிந்த பிறகு. கால் நோகும்போது எழுதிய கட்டுரைகளை இன்று பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். வசனங்கள் குட்டையாக இருக்கும்.

அதே தளத்தில், அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில், மன்னாரைச் சேர்ந்த ஒருவர் வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை காண்பவர். மத்தியானத்தில் மைக்ரோவேவுக்கு முன்னால் நிற்கும் வரிசையில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். சில நாட்களில் “பேப்பர்காரர்” என்பார்.

அவரிடம் அந்தச் செனட்டரின் கடிதம் ஒன்று இருந்தது.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க செனட்டர்கள் தங்கள் மாநிலத்து முகவரியிலிருந்து வரும் கடிதங்களுக்கே பதில் போடுவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எந்த மாநிலத்தில் யாருக்கு மச்சான், யாருக்குப் பெறாமகள் என்று கோவில் மண்டபத்தில் ஒரு பட்டியல் சுற்றியது. மொன்றியலில் இருப்பவர் கடிதத்தை எழுதுவார். மச்சானின் முகவரியைப் போடுவார். மச்சான் தபாலில் சேர்ப்பார். பதில் வந்தால் மச்சான் அதை வேறொரு உறைக்குள் வைத்து இங்கே அனுப்புவார். அண்ணைக்கும் அப்படித்தான் வந்தது. இலங்கை நிலைமையைத் தாம் கவலையோடு கவனித்து வருவதாகச் செனட்டர் இரண்டு பந்திகளில் சொல்லியிருந்தார். அந்த மாநிலத்தில் வாழ்ந்து அதன் வளர்ச்சிக்கு உதவுவதற்காக அண்ணைக்கு நன்றியும் சொல்லியிருந்தார். அண்ணை அந்த மாநிலத்தை ஒருநாளும் கண்டதில்லை.

கீழே நீலக் கையெழுத்து. அதே இரண்டு பந்திகளை, அதே கையெழுத்தை, அதே இடத்தில் கோடு சற்றே வழுகியிருப்பதை, வேறொருவர் வீட்டிலும் நான் பார்த்திருந்தேன். அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம், செனட்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னேன். அண்ணை கரண்டியை வைத்துவிட்டார்.

“தம்பி, அதை வடிவா எழுதும். என்ர தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டோணும்.”

தங்கச்சி வன்னியில் ஆசிரியை. கணவர் கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞர். இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு இதயத்தில் ஓட்டை. வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்தியர் கடிதம் கொடுத்திருந்தார். அங்கிருந்து வெளியே வர இயக்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தாய்க்கும் சின்னவளுக்கும் மட்டும் கிடைத்திருந்தது. திரும்பி வருவதற்குப் பிணையாகக் கணவர் நிற்க வேண்டும். பெரியவளுக்குப் பதினாறு, அந்த வயதில் யாரையும் வெளியே விடுவதில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு அனுமதி முடிகிறது. போனால் பாதை பிறகு திறந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. போவதென்றால் குடும்பம் இரண்டாகப் பிரிவது என்றுதான் அர்த்தம்.

“நான் அவளுக்கு நில் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் அண்ணை. “நவம்பரில தேர்தல். இவர் உப ஜனாதிபதியா வந்தா எங்கடை விசயம் இவருக்குத் தெரியும். அவங்கள் சண்டையை நிப்பாட்டுவாங்கள். நாலு பேரும் ஒண்டா இருக்கலாம். பிள்ளையைப் பேந்து டொக்டருக்குக் காட்டலாம்.”

“அவ என்ன சொல்லுறா?”

“அவள் ரீச்சர். நான் சொன்னா நம்பமாட்டாள். ‘பேப்பரில வந்ததோ?’ எண்டு கேக்கிறாள். நீர் எழுதினா நம்புவாள்.”

பக்கத்து மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், தரை துடைக்கும் பகுதியில் வேலை செய்பவர், எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணை, உங்கடை ஆள் வாறாரோ? வந்தா எனக்கும் நிரந்தரமா இருக்க ஒரு பி.ஆர். எடுத்துத் தரச் சொல்லுங்கோ. இஞ்சை ஏழு வரியமா இழுக்கிறாங்கள்.”

“நீர் முதல்ல பிரெஞ்சைப் படியும்,” என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

அன்று பின்னேரம் எழுதினேன். செனட்டருக்கு ஆதரவாகச் சொல்ல இருந்தவை நல்ல காரணங்கள்தான். ஜனாதிபதி வேட்பாளர் இளையவர், வெளிநாட்டு விவகாரங்களில் அனுபவம் போதாது என்ற குறை அவர்மேல் இருந்தது. செனட்டர் அந்தக் குறையை மூடுவார். வெளியுறவுக் குழுவில் நீண்ட காலம் இருந்தவர். எங்கள் தீவு எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். எதிராகவும் இருந்தன. அவருடைய மாநிலம் எப்படியும் அவருடைய கட்சிக்குத்தான் விழும். அவரைச் சேர்ப்பதால் புதிதாக ஒரு வாக்கும் வராது. மேடையில் பேச்சை நிறுத்தத் தெரியாதவர். இரண்டாம் இடத்தில் வாய் மூடி இருக்க முடியாதவர் முதலாமவருக்குத் தலையிடி. மொத்தத்தில் மோசமான தெரிவல்ல என்று எழுதினேன். அது என் உண்மையான கருத்து.

பிறகு கடைசிப் பந்தி. அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. உண்மையில் அந்தக் கட்டுரையில் சொல்லவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வியாழன் காலை அனுப்பினேன். வெள்ளி பத்திரிகை வந்தது. அச்சானதைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. பிழையைக் கண்டாலும் திருத்த முடியாத இடத்தில் இருக்கும்.

திங்கட்கிழமை காலை, லிஃப்டுக்குப் பக்கத்தில் அண்ணை பத்திரிகையோடு நின்றார். முகம் தெளிந்திருந்தது.

“நல்லா எழுதிப்போட்டீர், தம்பி. நேற்றுக் காலமை போனில தங்கச்சிக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினனான்.”

“என்ன சொன்னவ?”

“நிக்கிறன் எண்டவள்.”

கடைசிப் பந்தியைக் கேட்ட பிறகுமா என்று நினைத்தேன். பத்திரிகையை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். கட்டுரை “மோசமான தெரிவல்ல” என்பதோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வீடு விற்பனை முகவர் ஒருவர் கோட் அணிந்து சிரித்துக்கொண்டிருந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நான்கு அறை, இரட்டைக் கராஜ்.

இடைவேளையில் ஆசிரியருக்கு அழைத்தேன்.

“ஓம் அண்ணை, கடைசி நேரத்தில கால் பக்க விளம்பரம் வந்திட்டுது. கீழ்ப் பந்தியை எடுத்தனான். கருத்தெல்லாம் மேலதானே இருக்கு? நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள், இடம் காணாட்டில் கீழயிருந்து வெட்டு எண்டு.”

நான்தான் சொல்லியிருந்தேன். கொழும்பில் பதினொரு ஆண்டுகள் செய்ததும் அதைத்தான். முக்கியமானது மேலே, போனால் பரவாயில்லாதது கீழே, வாளால் வெட்டுவதுபோல் அடியிலிருந்து வெட்டலாம். எந்தப் பந்தி வெட்டுப்படும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நகரத்தில் இல்லை. அந்த இடத்தில்தான் நான் அதை வைத்திருந்தேன்.

மத்தியானம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுப்பட்ட பந்தியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“இதை ஏன் முதல்ல எழுதேல்லை?”

பதில் இருந்தது. மேலே எழுதினால் அவருடைய முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவரை நோகாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நோகாத இடம் பக்கத்தின் அடி என்று நினைத்தேன்.

“தங்கச்சியோட எப்ப கதைக்கலாம்?” என்று கேட்டேன்.

“புதனும் ஞாயிறும்தான் ரெலிபோன் கடைக்கு வருவாள்.”

“புதன் நானும் வாறன்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

புதன் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், கோட்-டெ-நெய்ஜில் அவருடைய தொடர்மாடிக்குப் போனேன். அங்கே அப்போது பின்னேரம் நாலரை. அண்ணை மூலைக் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்தினார். நான்காவது தடவை கிடைத்தது. சின்னவளுக்கு எப்படி என்று கேட்டார். சாப்பிடுகிறாளா என்று கேட்டார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

“ரீச்சர், நான் பேப்பரில எழுதினவன்.”

“ஓ, சொல்லுங்கோ.” தெளிவான, வகுப்பறைக்குப் பழகிய குரல். “அண்ணை வாசிச்சவர். வாசிச்சு முடிய, முடிவு எங்கை எண்டு கேட்டனான். இதுதான் முடிவு எண்டவர்.”

“முடிவு வேற ஒண்டு இருந்தது. அச்சில விட்டுப்போச்சு. வாசிக்கட்டோ?”

“கெதியா வாசியுங்கோ. பின்னால ஆக்கள் நிக்கினம்.”

வாசித்தேன். “செனட்டரே தெரிவானாலும் ஜனவரிக்கு முன் அவர் உப ஜனாதிபதி அல்ல. அதன் பிறகும் அவர் செனட் சபைக்குத் தலைமை வகிப்பார். வாக்குகள் சரிசமமாக விழும்போது மட்டும் ஒரு வாக்குப் போடுவார். ஒரு போரை நிறுத்தும் அதிகாரம் அந்தப் பதவிக்கு இல்லை. இந்தத் தேர்தலை நம்பி எதையாவது ஒத்திவைத்திருப்பவர்கள் நம்மில் இருந்தால், ஒத்திவைக்க வேண்டாம்.”

“அண்ணைக்கு வந்த கடிதம்?”

அண்ணை யன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழே பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடிதம் உண்மை, ரீச்சர். எழுதின எல்லாருக்கும் அதே கடிதம்தான் வந்தது.”

“அப்ப நான் போகட்டோ?”

பத்திரிகையில் இருந்த ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இரு பக்கமும் சாயாத வசனம் ஒன்று தயாராக வாய்க்கு வந்தது. அதை விழுங்கினேன்.

“போங்கோ.”

“இவர் இஞ்சை நிக்கோணும். பெரியவளும்.”

“ஓம்.”

“தெரிஞ்சுதான் சொல்லுறியளோ?”

“தெரிஞ்சுதான் சொல்லுறன்.”

“சரி,” என்றார். “அண்ணையிட்டைக் குடுங்கோ.” கொடுப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அண்ணை மறுபடி எண்களை அழுத்தினார். கிடைக்கவில்லை. அட்டையை மேசையில் வைத்தார்.

“வேலைக்கு நேரமாச்சு,” என்றார். பஸ்ஸில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருந்தோம்.

வியாழக்கிழமை ரீச்சர் சின்னவளோடு வெளிக்கிட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வவுனியாவிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். பாதை அதன் பிறகு எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் திறக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் உப ஜனாதிபதி வேட்பாளரின் பெயரை அறிவித்தார்கள். அண்ணையின் செனட்டர் இல்லை, வேறொரு செனட்டர். ஆசிரியர் எண்ணூறு சொற்கள் கேட்டார். நேரமில்லை என்றேன். மைக்ரோவேவ் வரிசையில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. இவருக்கும் எங்கள் விசயம் தெரியும் என்றார் ஒருவர். அந்த மாநிலத்தில் யாருக்காவது ஆள் இருக்கிறதா என்று இன்னொருவர் விசாரித்தார். அண்ணை அதில் கலந்துகொள்ளவில்லை. சோற்றைக் குளிராகவே சாப்பிட்டார்.

செப்டெம்பரில் ஒருநாள் காலை லிஃப்டுக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி கொழும்பிலயிருந்து எடுத்தவள். ஒப்பரேசன் முடிஞ்சுதாம். பிள்ளை எழும்பி இருக்கிறாளாம்.”

“நல்ல விசயம், அண்ணை.”

“உமக்கு நன்றி சொல்லட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமாம்.” லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே சொன்னார். “ரெண்டு பேர் இன்னும் வன்னியிலதான் நிக்கினம் எண்டு மட்டும் சொல்லச் சொன்னவள்.”

விளங்கியது என்று தலையாட்டினேன். கதவு திறந்தது. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முதலில் உள்ளே போனார்.