இடிமேகத்துக்குள் போய் வந்த பெட்டியைத் தேடி புளியங்குடிக்கு

வைகாசி பிறந்ததும் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிப் பக்கம் ஒரு நாள் பயணம் போய் வந்தேன். சாமி கும்பிடவும் இல்லை, துக்கம் விசாரிக்கவும் இல்லை. ஆகாயத்திலிருந்து விழுந்த ஒரு பெட்டியைத் தேடிப் போனேன்.

என் ஓர்ப்படியாள் மகன், அதாவது கொழுந்தன் பிள்ளை, முருகேசன் வானிலை விஞ்ஞானி. டிவியில் மழை அறிக்கை வாசிக்கிற வேலை இல்லை. இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் மேகத்துக்குள்ளே எப்படி உண்டாகின்றன என்று ஆராய்கிற வேலை. பதினைந்து வருஷமாக அதையே செய்கிறான். வடக்கே ஆபீஸ். கோடை மழைக்கு மட்டும் பலூன்களைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவான்.

அவன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. என் மகள் கல்யாணத்தின்போது காலேஜில் இந்தப் படிப்புதான் படித்துக்கொண்டிருந்தான். தகரப் பந்தல் போடலாமா, துணிப் பந்தல் போதுமா என்று அவனிடம் கேட்டேன். "ஒரு சொட்டு விழாது பெரியம்மை, துணியே போதும்" என்றான். இரண்டாம் பந்தியில் ரசம் ஊற்றும்போது கொட்டியது பாருங்கள், மாப்பிள்ளை வீட்டார் செருப்பெல்லாம் மிதந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்பதை இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன். முதலில் சிரித்தது இவன் அம்மா.

இந்தப் பயணத்துக்கு முந்தின நாள் மாலை, கரிவலம்வந்தநல்லூர் வயலில் நின்று பெரிய பலூன் ஒன்றை இடிமேகத்துக்குள் விட்டிருக்கிறான். பலூனில் ஒரு தெர்மாகோல் பெட்டி தொங்கும். பெட்டிக்குள் கேமரா. மேகத்துக்குள் இருக்கிற பனிக்கட்டிகளை அது படம் எடுக்கும். பலூன் வெடித்ததும் சிவப்புக் குடைத்துணி விரிந்து பெட்டி மெள்ள இறங்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, ஆனால் நடுவில் சிக்னல் அறுந்துபோயிற்று. படமெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற ஒரு கார்டில்தான் இருக்கிறது. பெட்டி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

மூன்று கோடை முயற்சி செய்தும் படம் கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அதுதான் கடைசிப் பலூன். காற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்து, புளியங்குடிக்கு மேற்கேதான் விழுந்திருக்கும் என்று போனில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான். அந்த வட்டத்துக்குள் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டுமே, அதற்கு அவனுக்கு வாய் இல்லை. என்னைக் கூப்பிட்டான்.

உதவி செய்யத்தான் போனேன் என்று எழுதினால் பொய். பெட்டி கிடைக்காமல் அவன் முழிப்பதை நேரில் பார்க்கத்தான் போனேன்.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி பதினாறு கிலோமீட்டர். டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் காசில்லை. காலையில் ஏறினால் முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏலே, இன்னைக்கு மழ உண்டுமா?"

"நாப்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு பெரியம்மை."

"நாப்பது சதவீதத்துக்குக் கொடைய எம்புட்டு விரிக்கணும்?"

அவன் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பொறவு, வரும், வராதுன்னு நான் யாருக்குமே சொன்னதில்ல. அன்னைக்கு ஏன் பெஞ்சதுன்னு பாக்கத்தான் இந்த இடிமழ ஆராய்ச்சிக்கே போனேன்" என்றான்.

அந்தச் சொல் எனக்குக் காலைப் பலகாரம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு புளியங்குடி வரும்வரை பசிக்கவே இல்லை.

இறங்கினதும் நேரே எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போங்கள். ஊர்ச் சங்கதி எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அடையாளம் சொன்னேன்.

"செவப்புத் துணி கெட்டுன வெள்ளப் பெட்டியா? சுப்பையா அண்ணாச்சி கெட்டுத புது வீட்டுல தொங்குதே ஆச்சி!"

அங்கிருந்து மலையைப் பார்த்து ஆறு கிலோமீட்டர். போகவர நானூறு என்றார் ஆட்டோக்காரர், முந்நூறுக்கு முடித்தேன். நீங்களும் அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

வீடு லிண்டல் தாண்டி நின்றது. மேலே தளம் போடுவதற்குப் பலகை அடித்து, கம்பி கட்டியிருந்தார்கள். முகப்பில் முருகேசனின் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. கரியால் உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வரைந்து, சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றி, திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். அரசாங்கப் பெட்டி என்று போன் நம்பரோடு எழுதியிருந்த இடத்தில்தான் மீசை.

சுப்பையா எலுமிச்சைத் தோப்புக்காரர், ஐம்பது வயதிருக்கும். முருகேசன் விஷயத்தைச் சொன்னான். அவர் அசையவில்லை.

"வானத்துலருந்து நேரா என் வீட்டு மேல வந்து விழுந்திருக்கு. எனக்குன்னு விழுந்ததுதானே? நாலு நாளா வராத கொத்தனாரு, இதத் தொங்கவிட்டதும் காலையில வந்து நிக்காரு. பால் காய்ச்சுத வரைக்கும் கழத்தப்படாது சார்."

முருகேசன் காற்று, மேகம், பனிக்கட்டி என்று ஆரம்பித்தான். சுப்பையா கையை உயர்த்தினார்.

"மழ ஆபீசரா நீரு? அப்ப ஒண்ணு சொல்லும். நாளைக்குத் தளம் போடணும். சாயங்காலம் மழ வருமா?"

"அறுபது சதவீதம்…"

"என் கொத்தனாரு அறுபது சதவீதம் தளம் போட்டா நீரு அதுக்குக் கீழ படுப்பீரா வே? சம்பளம் மட்டும் நூறு சதவீதமா வாங்குதீரு?"

கொத்தனார், சித்தாள், ஆட்டோக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். பார்க்க வந்தது இதைத்தான். ஆனால் பார்த்தபோது எனக்குச் சுப்பையா மேல்தான் ஆத்திரம் வந்தது. அவனை ஏச எனக்குப் பாத்தியதை உண்டு. இந்த மனுஷருக்கு என்ன உண்டு?

"ஏ சுப்பையா, வாய அளந்து பேசு மக்கா. அந்த மேகத்துக்குள்ள ஒன் கொத்தனாரு போயிட்டு வருவாரா? எம் பிள்ள பெட்டி போயிட்டு வந்திருக்கு!"

"சரி ஆச்சி, ஒரே பேச்சு. நாளைக்குத் தளம் போடலாமா, வேண்டாமா? சதவீதம் இல்லாம சொல்லச் சொல்லுங்க. பெட்டியக் கழத்தித் தாரேன்."

முருகேசன் போனைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"சொல்லித் தொலையேம்லே. கல்யாணத்துக்கே சொன்னவன், கான்கிரீட்டுக்குச் சொல்ல மாட்டியா?" என்றேன்.

"போடாதீங்க அண்ணாச்சி" என்றான்.

சுப்பையா கொத்தனாரிடம் நாளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, அவரே ஏணி வைத்து ஏறிப் பெட்டியைக் கழற்றித் தந்தார். வீட்டு முகப்பு வெறுமனே இருக்கக்கூடாதென்று ஆட்டோக்காரரை அனுப்பி, பூதம் வரைந்த திருஷ்டிப் பூசணி ஒன்று வாங்கி வரச் செய்தேன். அது நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது. பெட்டியைவிட இது நல்லாப் பயமுறுத்துகிறது என்று சுப்பையாவுக்கும் திருப்தி.

முருகேசன் ஆட்டோவிலேயே லேப்டாப்பை விரித்துக் கார்டைப் போட்டான். முதலில் ஒரே இருட்டு. பிறகு சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக, பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி மாதிரி பனிக்கட்டிகள். நூற்றுக்கணக்கில். நம் ஊர் மேகத்துக்குள்ளே இருந்தவை. அவன் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிந்தது.

"மூக்கத் தொடச்சுக்கலே, கம்ப்யூட்டர்ல விழுந்துரப் போகுது" என்றேன்.

நீங்கள் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். கோடையில் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் இருட்டும். இடி கேட்டால் தோப்புக்குள் ஒதுங்காதீர்கள், ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தெர்மாகோல் பெட்டி எங்கேயாவது விழுந்து கிடந்தால் அதில் உள்ள நம்பருக்குச் சொல்லுங்கள், மீசை வரையாதீர்கள். எலுமிச்சை வாங்க மார்க்கெட்டுக்குள் போங்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்காதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருட்டியது, இடித்தது, இரண்டு ஊர் தள்ளிக் கடையநல்லூரில் கொட்டித் தீர்த்தது. சுப்பையா வீட்டில் ஒரு சொட்டு இல்லை. முருகேசன் திட்டம் பிழைத்தது. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சுப்பையா எனக்குத்தான் போன் போட்டார். அரைமணி நேரம் முருகேசனை வாய் வலிக்க ஏசினார். இடையில் அவருக்கு மூச்சு வாங்கினபோது துணிப் பந்தல் கதையை நான் ஆரம்பித்தேன். என் மகளே காது கொடுத்துக் கேட்காத கதை. அவர் 'உம்' கொட்டிக் கொட்டிக் கேட்டார். செருப்பு மிதந்த இடத்தில், "அய்யய்யோ, பொறவு என்ன செஞ்சிய ஆச்சி?" என்றார்.

பால் காய்ப்புக்கு என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார். தகரப் பந்தலாம்.