சிவப்பு வட்டம் போட்ட ‘இல்லாங்காட்டி’

1. பேசாமல் நின்றது

பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சி படித்து வேலைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் படித்ததில்லை. தமிழில் டைப் அடிக்க மட்டும் வரும். அதனால் பள்ளியின் கடிதங்களும் ஆண்டு விழா அழைப்பிதழும் என் தலையில்தான்.

ஒரு நாள் எட்டு லேப்டாப் வந்து இறங்கின. தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டார்.

“கோடிங் கிளாஸ் ஆரம்பிக்கணுமாம். ஒரு டெர்முக்குத்தான் குடுத்திருக்காங்க. கடைசியில ஆபீசர் வந்து பாப்பாங்க. பசங்க தானா ஒண்ணு செஞ்சு காட்டணும். காட்டலன்னா வேற ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. யார் எடுக்கிறீங்க?”

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மற்றவர்கள் பேசாதது ‘முடியாது’ என்று ஆனது. நான் பேசாதது ‘சரி’ என்று ஆனது.

நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி. கடைசி வரிசையில் உட்கார்ந்து, “புரியுதா?” என்றபோதெல்லாம் தலையாட்டினேன். திரும்பியதும், இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டார்.

“ஆபீசர் வந்துட்டுப் போகட்டும் சார். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

2. லீவு விட்டுவிட்டுக் கூப்பிடும் நாய்

இந்தக் கோடிங்கில் நிரலை எழுத வேண்டியதில்லை. திரையில் கட்டளைக் கட்டங்கள் இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் படத்திலுள்ள நாய் அதன்படி செய்யும். கட்டங்களின் மேல் தமிழிலேயே எழுதியிருக்கும். ‘எனில்’, ‘இல்லையெனில்’ என்று இரண்டு சொற்கள். “நிபந்தனை பொய்யாகும்போது இல்லையெனில் பகுதி இயங்கும்” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மூன்று வாரம் பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

மழை லீவைப் பற்றிச் செய்வோம் என்று வகுப்பே முடிவு செய்தது. நாய் “மழை பெய்யுதா?” என்று கேட்கும். ‘ஆமா’ என்று அடித்தால் “இன்னிக்கு லீவு” என்று சொல்ல வேண்டும். மழை இல்லாவிட்டால் “ஸ்கூலுக்குக் கிளம்பு.”

‘ஆமா’ என்று அடித்தோம். நாய் “இன்னிக்கு லீவு” என்றது. அடுத்த நொடியே “ஸ்கூலுக்குக் கிளம்பு” என்றது.

“லீவ வுட்டுட்டுக் கூப்புடுதுடா,” என்றான் கடைசி பெஞ்ச் தினேஷ். “ஸ்பெஷல் கிளாஸ் நாயி.”

வகுப்பு சிரித்தது. டைப் அடித்துப் பழகியவனுக்குத் தெரிந்தது எழுத்துப்பிழை ஒன்றுதான். ‘ஆமா’வை ஆறு தரம் அழித்து அடித்தேன். “நாளைக்குப் பாக்கலாம்,” என்றேன். அப்படியே நான்கு நாள் சொன்னேன்.

ஐந்தாம் நாள், மறுநாள் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. இனி தள்ளிப்போட நாள் இல்லை.

“இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எனக்குத் தெரியல,” என்றேன். இத்தனை வருஷத்தில் வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை.

கரும்பு வெட்டப் போகும் அம்மாவின் மகள் வெண்ணிலா எழுந்தாள்.

“சார், நடுவுல இல்லாங்காட்டி வரலியே.”

“இன்னாது?”

“எங்கம்மா சொல்லும் சார். கரண்ட் வந்தா மோட்டாரப் போடு, இல்லாங்காட்டி வூட்டுக்கு வந்துடு. ரெண்டுத்துல ஒண்ணுதான சார் செய்வாங்க? நாயிக்கு இல்லாங்காட்டின்னு யாருமே சொல்லல. அதான் ரெண்டயும் செய்யுது.”

தினேஷ் திரும்பினான். “அப்போ இல்லையெனில்னா இல்லாங்காட்டியா? இத்தினி நாளு அது வேற இன்னாமோன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

இல்லையெனில் கட்டத்தை இழுத்து, “ஸ்கூலுக்குக் கிளம்பு” என்பதை அதற்குள் வைத்தோம். ‘ஆமா’ என்று அடித்தோம். “இன்னிக்கு லீவு” என்றது நாய். அதோடு நின்றது.

கட்டுரை நோட்டுகளில் ‘இல்லாங்காட்டி’ வரும்போதெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டவன் நான். வெண்ணிலாவின் நோட்டிலேயே ஏழெட்டு வட்டம் இருக்கும்.

3. தூறல்

ஆபீசர் இளம் பெண். வெண்ணிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ‘இல்லையெனில்’ கட்டத்தைக் காட்டினார்.

“இது எதுக்கும்மா?”

வெண்ணிலா வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். சிவப்பு வட்டம்தான் அவள் வாயை அடைத்தது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பெரியவர்கள் முன்னால் நானாகப் பேசிப் பழக்கமில்லை. அன்று பேசினேன்.

“உங்க வூட்டுல சொல்ற மாதிரியே சொல்லும்மா.”

சொன்னாள். மோட்டார், கரண்ட், இல்லாங்காட்டி, எல்லாம். ஆபீசர் கேட்டுவிட்டு, சோதித்துப் பார்க்க ‘தூறுது’ என்று அடித்தார். அதை நாங்கள் அடித்துப் பார்த்ததே இல்லை.

“ஸ்கூலுக்குக் கிளம்பு,” என்றது நாய்.

“தூறலுக்கெல்லாம் லீவு கெடயாது மேடம்,” என்றான் தினேஷ்.

ஆபீசர் சிரித்துவிட்டார். போகும்போது தலைமையாசிரியையிடம், “லேப்டாப் இங்கேயே இருக்கட்டும்,” என்றார். நான் வராந்தா தூணில் சாய்ந்து நின்றேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாலையில் தலைமையாசிரியை டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். “சொன்ன மாதிரி கையெழுத்துப் போடவா சார்?”

“வேணாம் மேடம்,” என்றேன். இந்த முறை வாயைத் திறந்தே சொன்னேன்.

புதிதாகக் கோடிங் எடுக்க வரும் ஆசிரியர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். தெரியாததை முதல் நாளே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் நான்கு நாள் வீணாக்கினேன்.

கட்டுரை நோட்டில் இப்போதும் ‘இல்லாங்காட்டி’ வருகிறது. பரீட்சைக்கு வேண்டுமே என்று பக்கத்தில் ‘இல்லையெனில்’ என்று எழுதி வைக்கிறேன். வட்டம் போடுவதில்லை.