குளிருக்குக் கட்டிய பாட்டு

டிசம்பர் பனியில் நனைந்த கம்பளி ஸ்வெட்டரின் வாடையும் பிளம் கேக்கின் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், நீலகிரி மலையில் எங்கள் அருவங்காடு குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு "ரவுண்ட்ஸ்" தொடங்கிவிட்டது என்று பொருள். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் அந்தக் கூட்டத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு போன ஒரே பாடகன் நான்தான். பாடகன் என்பது கொஞ்சம் அதிகம். என் குரலை ஒருமுறை கேட்டதுமே பாடகர் குழு அண்ணன், "தம்பி, நீ வாயை மட்டும் அசை, கேக் உனக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டார்.

என்னை அங்கே இழுத்துப் போனவன் பக்கத்து வீட்டு எபி. இன்று கைபேசியைத் திறந்தால் நற்செய்திப் பாடகன் என்று முதலில் வந்து நிற்கிறானே, மலேசியாவரை அழைத்துப் பாட வைக்கிறார்களே, அதே எபிதான். அன்று பத்தாம் வகுப்பு. கீர்த்தனைகளை நாங்கள் இழுத்து இழுத்துப் பாடும்போது பல் கிட்டிப்போகும். கூடவே நடந்து வந்த அவன் அம்மா சாராம்மா, "நடுக்கம் போற மாதிரி ஒண்ணு பாடேன்டா" என்றார். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கல்யாணங்களில் வட்டமாக நின்று ஆடுவார்களே, அந்தத் தாளத்தில், தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்குக் குளிருமே என்று எபி ஒரு பாட்டுக் கட்டினான். ஹட்டிப் பெரியவர்கள் வாசலுக்கு வந்து கால் மாற்றி ஆடினார்கள். வாயை மட்டும் அசைக்க வேண்டிய நானும் என்னை மறந்து சத்தமாகப் பாடித் தொலைத்தேன்.

செய்தி சபைச் செயலாளர் காதுக்குப் போயிற்று. "இது சபைங்களா, சினிமாக் கொட்டாயிங்களா?" என்று கேட்டு எபியைக் குழுவிலிருந்து நீக்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் சாராம்மா நோயில் படுத்தார். "என் அடக்கத்துக்கு அழுது வடியற பாட்டு வேண்டாம். நம்ம பாட்டையே பாடு. மண்ணுக்குள்ள குளுரும்டா" என்று எபியிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் வாயைத் திறந்ததுமே செயலாளர் கையை நீட்டித் தடுத்தார். "துக்கத்துலயுமா ஆட்டம்? பாடறவங்க பாடுவாங்க, நீ சும்மா நில்லு."

சபை நிறையப் பெரியவர்கள் இருந்தார்கள். "ஏனுங்க, தாய்க்குப் பையன் பாடறதுல என்னங்க தப்பு?" என்று கேட்க ஒரு வாய்கூட இல்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

எபி கோயம்புத்தூர் பஸ் ஏறினான். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுற்றினான், கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசித்தான், பிறகு எந்தத் தாளத்துக்காக விரட்டப்பட்டானோ அதே தாளத்தில் புதுப் பாட்டுகள் போட்டுப் பெயர் வாங்கினான்.

போன கிறிஸ்துமஸுக்கு அதே சபை அவனை அழைத்தது. வாசலில் "எங்கள் சபையின் செல்லப் பிள்ளை" என்று பிளெக்ஸ். கிழமாகிவிட்ட செயலாளர் மைக்கைப் பிடித்து, "எபி தம்பிய வளர்த்துவிட்டதே நம்ம சபைதானுங்க" என்றார். நியாயம் கேட்கத்தான் எழுந்தேன். கோபத்தில் தொண்டையிலிருந்து வெறும் கீச்சுதான் வந்தது. புரையேறிவிட்டது என்று நினைத்த ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து உட்காரவைத்துவிட்டான். அதற்குள் செயலாளர், "அம்மாவுக்குப் பிடிச்ச அந்தக் குளிர் பாட்டைப் பாடுங்க தம்பி" என்கிறார். நல்ல ஞாபகசக்தி, மனிதருக்கு.

"அது வேண்டாங்க ஐயா" என்று சிரித்துவிட்டு எபி வேறு பாட்டுக்குப் போனான். இறங்கும்போது தள்ளாடிய அவருக்குக் கையும் கொடுத்தான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் மறந்து போச்சாடா?"

"மன்னிச்சாச்சுடா" என்றான். "அதுக்காகப் பாடணுமா?"

இப்போது "ரவுண்ட்ஸ்" ஜீப்பில் போகிறது. ஸ்பீக்கரில் எபியின் பாட்டுகள் எல்லாம் ஓடுகின்றன, சாராம்மா கேட்ட அந்த ஒன்றைத் தவிர. அதை அவன் எங்கேயும் பதிவு செய்யவில்லை. மன்னிக்கச் சொல்லி அவன் வேதத்தில் எழுதியிருக்கிறது, அவன் மன்னித்துவிட்டான். நான் அந்தச் சபையில் உறுப்பினன் இல்லை. எனக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.